செம்மண் மேடு – நம் கடற்கரையின் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்த் தொட்டி

(சிவில் பிரிவு, மூன்றாம் ஆண்டு)



மரக்காணம் என்றால் வெளியூர் நண்பர்களுக்கு நினைவுக்கு வருவது ஒன்றே ஒன்றுதான் – உப்பு! கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே பாத்தி பாத்தியாய் வெள்ளை வெளேர் என்று குவிந்திருக்கும் உப்பைப் பார்த்துவிட்டு, "அடேயப்பா!" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவார்கள். அதே சாலையில் இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் மண் சிவக்கிறது. சாலைக்கு மேற்கே நிலம் மெல்ல மெல்ல ஏறுகிறது. முந்திரித் தோப்பும் பனையும் வருகின்றன. அதை யாரும் கவனிப்பதில்லை.

இந்தக் கட்டுரை அந்தச் சிவப்பு மேட்டைப் பற்றியதுதான். "மேட்டைப் பத்தி எழுத என்னடா இருக்கு?" என்று கேட்காதீங்க. நம் வீட்டுக் குடத்தில் இருக்கிற தண்ணீர் குடிக்கிற மாதிரி இருக்குமா, வாயில் வைக்க முடியாமல் போகுமா என்பதை முடிவு செய்வதில் இந்த மேட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

இது மலையா, மேடா?

நமக்கு மலை என்றால் செஞ்சிக் கோட்டை மலைதான். பாறை மேல் பாறை அடுக்கினாற்போல் நிற்கும். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் இது மலையே இல்லை. கோரிமேடு தொடங்கி ஆரோவில் பக்கம் வரை நீளும் இந்த மேட்டு நிலம் கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்குள்தான் உயர்ந்திருக்கிறது. ஆரோவில் இருக்கும் பகுதி சுமார் 50 மீட்டர். ஆனாலும் கடலிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு இது மலையாகத்தான் தெரிந்திருக்கிறது. 'சிவப்பு மலைகள்' என்றே தங்கள் மொழியில் பெயர் வைத்தார்கள்.

இதே வகை மேடு இன்னொன்று மேற்கே திருவக்கரைப் பக்கம் இருக்கிறது. செஞ்சியாறு என்கிற சங்கராபரணி இந்த வட்டாரத்தில்தான் ஓடுகிறது. வடக்கே நிலம் இறங்கி கழுவெளி ஏரியில் முடிகிறது. கிழக்கே கடல். இதுதான் இதன் எல்லை.

இந்த மேடு எதனால் ஆனது? புவியியலார் இதற்கு வைத்த பெயர் 'கடலூர் மணற்கல்'. பெயரில் கடலூர் இருந்தாலும் நெய்வேலி, விருத்தாசலம், பண்ருட்டி வரை இந்தக் கல் பரவியிருக்கிறது. பண்ருட்டியில் பலாவும் முந்திரியும் காய்க்கிற சிவப்பு மண் இந்தக் கல்லின் பிள்ளைதான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி கிடைப்பதும் இதே அடுக்குகளுக்கு நடுவில்தான்.

நிறம் ஏன் சிவப்பு? மணற்கல்லில் இரும்புச் சத்து இருக்கிறது. மழையிலும் வெயிலிலும் அது துருப்பிடிக்கிறது. பழைய சைக்கிள் கைப்பிடியில் வரும் அதே துரு! அந்தத் துரு மணலோடு சேர்ந்து இறுகினால் செம்புராங்கல். உதிர்ந்தால் ரோடு போடுகிற சிவப்புச் சரளை. நம் காண்டிராக்டர்கள் லாரி லாரியாய் அள்ளுவது இதைத்தான்.

கல்லான மரங்கள் சொல்லும் சாட்சி

"இந்தக் கல்லெல்லாம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவக்கரைக்குப் போய் வாருங்கள். வக்கிரகாளி கோயிலுக்குப் போகிறவர்கள் பலர். கோயிலுக்குக் கிழக்கே சுமார் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற கல்மரப் பூங்காவை எட்டிப் பார்ப்பவர்கள் சிலர்தான்.

அங்கே மரங்கள் கிடக்கின்றன. மரம் மாதிரியே இருக்கும், கிட்டே போய்த் தட்டினால் கல்! ஆண்டு வளையம், மர நார், கணு எல்லாம் கண்ணால் பார்க்கலாம். இந்திய அரசின் புவியியல் ஆய்வுத் துறை 1940ஆம் ஆண்டில் இதைத் தேசியச் சின்னமாக்கிப் பாதுகாத்து வருகிறது. சுமார் 200 கல்மரங்கள் இருக்கின்றன. வயது ஏறக்குறைய 2 கோடி ஆண்டு.

மரம் எப்படிக் கல்லாகும்? மண்ணுக்குள் புதைந்த மரத்துக்குக் காற்றுப் படவில்லை என்றால் சீக்கிரம் மக்காது. மணலுக்குள் ஊறி வருகிற தண்ணீரில் சிலிக்கா கரைந்திருக்கும். அது மரத்தின் நுண்ணறைகளில் புகுந்து ஒவ்வொன்றாக நிரப்புகிறது. மரம் போய் அதன் அச்சு மட்டும் சிலிக்காவில் நிற்கிறது. நம் பேனாக்கத்தியால் கீறினால் கத்திதான் தேயும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த மரங்கள் நிற்கவில்லை, படுத்துக் கிடக்கின்றன. வேரும் இல்லை, கிளையும் இல்லை, பட்டையும் இல்லை. அப்படியென்றால் அவை அங்கே முளைத்தவை அல்ல. எங்கோ மேற்கே இருந்த காட்டிலிருந்து வெள்ளத்தில் உருண்டு புரண்டு வந்து மணலில் புதைந்தவை. அந்த வெள்ளங்கள் கொண்டுவந்து கொட்டிய மணல்தான் இன்றைக்கு நாம் பார்க்கிற மேடு. ஆறு கொண்டுவந்த மணல் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

இந்த மணற்கல்லுக்கும் கீழே இன்னும் பழைய கதை இருக்கிறது. வழுதாவூர், கடப்பேரிக்குப்பம் பக்கத்து நிலத்தில் கடல் சிப்பிகளின் கல்லச்சுகள் கிடைத்தன. புதுச்சேரிப் பக்கம் சேகரித்தவற்றை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற ஆங்கில ஆய்வாளர் ஆராய்ந்து 1846லேயே விவரமாக எழுதியிருக்கிறார். உலகத்தில் டைனோசர்கள் அழிந்த காலம், அதாவது சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்திய காலமும் அதற்கு அடுத்த காலமும் நம் வானூர் வட்டத்து வயல்களுக்கு அடியில் அடுத்தடுத்த அடுக்குகளாக இருக்கின்றன. அப்போது இங்கே கடல். கடல் பின்வாங்கிய பிறகு ஆற்று மணல் வந்து மூடியது.

மணற்கல் என்றால் தொட்டி

இனி நம் பாடத்துக்கு வருவோம். செஞ்சி மலை கெட்டிப் பாறை. அதன் மேல் மழை பெய்தால் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். பாறையில் வெடிப்பு இருந்தால் அதற்குள் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். மணற்கல் அப்படி அல்ல. மணலுக்கும் மணலுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது. அங்கெல்லாம் தண்ணீர் தங்கும், மெல்ல நகரவும் செய்யும். ஆற்று மணலாக இருந்ததால்தான் இந்தக் குணம். மேலும் இந்த அடுக்குகள் கடலை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. மேட்டில் இறங்கிய மழை, சாய்வான அடுக்கு வழியாகக் கடற்கரைக்கு அடியில் போய்ச் சேருகிறது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நம் பகுதியில் ஆண்டு மழை சுமார் 1200 மில்லிமீட்டர். பாதிக்கும் மேல் ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடும். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4047 சதுர மீட்டர். பெருக்கினால் ஒரு ஏக்கரில் ஆண்டுக்கு விழும் தண்ணீர் 48 லட்சம் லிட்டருக்கு மேல்! இதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் பூமிக்குள் இறங்கினால்கூட ஒரு ஏக்கருக்கு ஐந்து லட்சம் லிட்டர் கிட்டத்தட்டச் சேமிப்பு. எந்தப் பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டி இவ்வளவு கொள்ளும்? அதுவும் சிமெண்ட் செலவில்லாமல்!

கடல் கதவைத் தட்டுகிறது

தொட்டியில் தண்ணீர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கொஞ்சம் கஷ்டம், அவ்வளவுதானே என்று நினைக்கலாம். கடற்கரையில் விஷயம் அவ்வளவு சுலபம் அல்ல.

கடல்தண்ணீர் நல்ல தண்ணீரைவிடக் கொஞ்சம் கனமானது. நல்ல தண்ணீரின் அடர்த்தி 1.000 என்றால் கடல்தண்ணீர் சுமார் 1.025. ஆகவே கடற்கரை நிலத்துக்கு அடியில் நல்ல தண்ணீர் மேலே மிதக்கிறது. உப்புத் தண்ணீர் அடியில் ஆப்பு வைத்தாற்போல் நுழைந்து நிற்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கின்றன. இதை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நெதர்லாந்து நாட்டு ராணுவப் பொறியாளர் பாடோன் கைபென் கணக்கிட்டார். 1901ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்ஸ்பெர்க் தனியாக அதே முடிவுக்கு வந்தார். இரண்டு பேர் பெயரிலும் அந்த விதி இருக்கிறது.

விதி என்ன சொல்கிறது? நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் இருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே 40 மீட்டர் ஆழம் வரை நல்ல தண்ணீர் நிற்கும். 1.000ஐ 0.025ஆல் வகுத்துப் பாருங்கள், 40 வருகிறதா? வைவாவில் கேட்டாலும் கேட்பார்கள்!

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். அங்கேதான் பயம் வருகிறது. மோட்டார் போட்டு இறைத்து நீர்மட்டத்தை 1 மீட்டர் இறக்கினால் நமக்கு நஷ்டம் 1 மீட்டர் அல்ல. அடியில் உப்புத் தண்ணீர் காலப்போக்கில் 40 மீட்டர் ஏறி வரப் பார்க்கும். களிமண் அடுக்கு நடுவில் இருக்கும் இடத்தில் கணக்கு கொஞ்சம் மாறும், ஆனால் போக்கு மாறாது.

"கொஞ்சம் உப்பு கலந்தா என்ன?" என்று கேட்கலாம். கடல்தண்ணீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு. குடிநீரில் 250 மில்லிகிராம் இருக்கலாம், வேறு வழியே இல்லை என்றால் 1000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நூறு குடம் நல்ல தண்ணீரில் இரண்டு குடம் கடல்தண்ணீர் கலந்தாலே 370ஐத் தாண்டிவிடும். ஆறு குடம் கலந்தால் ஆயிரத்தையும் தாண்டிவிடும். மற்ற 94 சதவிகிதம் நல்ல தண்ணீராக இருந்தும் பயன் இல்லை. ஒரு தடவை உப்பு ஏறிய மணற்கல்லைக் கழுவி எடுக்கப் பல மழைக்காலம் ஆகும்.

மரக்காணம் உப்பளத்தில் கடல்தண்ணீரை நாம் வேண்டி அழைக்கிறோம். பாத்தி பாத்தியாக மாற்றி, போமே கருவியில் 3 டிகிரி காட்டுகிற தண்ணீரை வெயிலில் காயவைத்து 25 டிகிரிக்குக் கொண்டுவந்தால் உப்பு பூக்கிறது. ஆயிரக்கணக்கான குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. அது அழைத்து வந்த விருந்தாளி. ஆனால் தெற்கே கடலோரக் கிணறுகளில் அழைக்காமலே வந்து உட்கார்ந்துகொண்டால் அது யாருக்கும் சோறு போடாது. புதுச்சேரிக் கடலோரத்தில் நிலத்தடி நீரில் உப்பு ஏறுவதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறார்கள்.

காடு எதற்கு?

சரி, மேடு தொட்டி என்றால் அதற்கு மூடி வேண்டாமா, வடிகட்டி வேண்டாமா? அதுதான் காடு.

இந்தச் சோழமண்டலக் கடற்கரைக்கென்றே ஒரு காடு இருக்கிறது. 'வறண்ட பசுமைமாறாக் காடு' என்று தாவர இயலார் சொல்வார்கள். ஆண்டில் பாதி மாதம் மழை இல்லாவிட்டாலும் இலை உதிர்க்காது. மரங்கள் ரொம்ப உயரம் இல்லை. ஆனால் அடர்த்தி! உலக்கைப் பாலை, வீரை, காசா, கருங்காலி, காட்டு எலுமிச்சை, மகிழம், நாவல், கீழே காரை, களா, சூரை என்று பின்னிக் கிடக்கும்.

இப்போது எங்கே இருக்கிறது? கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டில் இருக்கிறது. சாமி காட்டில் கை வைத்தால் கண் போய்விடும் என்று நம் பாட்டன் பூட்டன் பயந்ததால் அது பிழைத்தது. புதுச்சேரியில் 1955ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் அந்தக் காட்டை ஆராய்ந்திருக்கிறார்கள். மரக்காணம் பக்கம் குரும்புரம் காப்புக்காட்டிலும் கொஞ்சம் இருக்கிறது. மற்ற இடங்களில் விறகுக்கும் வீட்டுக்கும் வெட்டி, ஆடு மாடு மேய்ந்து, மிச்சத்தை முந்திரிக்காக அழித்து முடித்தாயிற்று.

காடு போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மேடே உதாரணம். ஐப்பசி மழையின் துளி வெற்றுச் செம்மண்ணில் விழும்போது சம்மட்டி அடி மாதிரி விழுகிறது. மண்ணின் மேல்பரப்பு இறுகி ஓடுபோல் ஆகிவிடுகிறது. தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடுகிறது. ஓடும்போது மண்ணையும் இழுத்துக்கொண்டு போகிறது. முதலில் கோடு, பிறகு வாய்க்கால், பிறகு ஆள் இறங்கினால் தலை தெரியாத பள்ளம்! பொம்மையார்பாளையம் பக்கம் அப்படிப்பட்ட பெரும் பள்ளங்களைப் பார்க்கலாம். பெருமழை நாளில் அங்கே கடலே செம்மண் நிறமாகிவிடும். நம் தொட்டிக்குள் போயிருக்க வேண்டிய தண்ணீர், தொட்டியின் கூரை மண்ணையும் சேர்த்துக்கொண்டு கடலுக்குப் போகிறது.

மறுபடியும் முளைக்குமா?

முளைக்கும் என்பதற்கும் இந்த மேடே சாட்சி. 1968 பிப்ரவரி 28ஆம் தேதி ஆரோவில் தொடங்கியபோது அந்த இடம் கிட்டத்தட்டப் பொட்டல். குடியிருக்க வந்தவர்கள் முதலில் செய்த வேலை வீடு கட்டுவது அல்ல, மண்ணைக் கட்டுவது. உள்ளூர் மக்களும் கூடச் சேர்ந்து சம உயரக் கோட்டை ஒட்டிக் கரை போட்டார்கள். பள்ளங்களின் குறுக்கே தடுப்பணை கட்டினார்கள். விழுந்த மழை விழுந்த இடத்திலேயே நின்று இறங்கட்டும் என்பதுதான் நோக்கம். பிறகு மரம். இதுவரை நட்டது இருபது லட்சத்துக்கும் மேல் என்று சொல்கிறார்கள்.

அதிலும் ஒரு பாடம் உண்டு. முதலில் சீக்கிரம் வளருகிற ஆஸ்திரேலிய மரமான கத்திச்சவுக்கை நிறைய வைத்தார்கள். நிழலும் சருகும் தந்து மண்ணைத் தேற்றியது. அந்த நிழலில் நம் நாட்டு மரங்களை வளர்த்தார்கள். 2011 டிசம்பர் 30ஆம் தேதி 'தானே' புயல் அடித்தபோது அந்த அந்நிய மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. புயலும் வறட்சியும் மாறி மாறி வருகிற இந்தக் கடற்கரைக்குப் பாலையும் வீரையும் காசாவும்தான் பழகியவை.

தொட்டி நிறைந்து மேலே வழிகிற தண்ணீர் எங்கே போகிறது? மேட்டின் கிழக்குச் சரிவு நேரே கடலுக்கு. வடமேற்குச் சரிவு கழுவெளிக்கு. கழுவெளி நிறைந்தால் எடையன்திட்டுக் கழிமுகம் வழியாக மரக்காணத்துக்குப் பக்கத்தில் கடலில் கலக்கிறது. ஆக, மேட்டில் அரித்த மண் ஏரியைத் தூர்க்கும். மேட்டில் நிற்காத வெள்ளம் உப்பளப் பக்கம் இறங்கும். 2024 நவம்பர் கடைசியில் 'ஃபெஞ்சல்' புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மரக்காணம் உப்பளங்கள் தண்ணீரில் மூழ்கின. அவ்வளவு பெரிய மழையை எந்தக் காடும் முழுசாகக் குடித்துவிடாது. ஆனால் வேகத்தைக் குறைக்கும், மண்ணைப் பிடித்து வைக்கும்.

கழுவெளியை 2021ல் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. மகிழ்ச்சி! ஆனால் ஏரியை மட்டும் காப்பாற்றி, அதற்குத் தண்ணீரும் மண்ணும் அனுப்புகிற மேட்டைப் பிளாட் போட்டும் சரளைக்காகத் தோண்டியும் விட்டுவிட்டால், குழாயைத் துடைத்துவிட்டுத் தொட்டியை உடைத்த கதைதான்.

நாம் என்ன செய்யலாம்?

"இதெல்லாம் கவர்மெண்டு பார்க்க வேண்டியது" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள டிப்ளமோ மாணவனுக்கு உரிமை இல்லை. நம் கையில் தொழில் இருக்கிறது. மாணவர் பேரவைக்கு மூன்று யோசனை.

ஒன்று: சிவில் மாணவர்களின் சர்வே கேம்ப். வருஷா வருஷம் விளையாட்டு மைதானத்தையே அளக்காமல், மேட்டில் ஒரு அரிப்புப் பள்ளத்தை அளப்போம். ஆட்டோ லெவலும் ஸ்டாஃபும் கொண்டுபோய்ச் சம உயரக் கோடு வரைவோம். அடுத்த ஆண்டு ஜூனியர்கள் அதே இடத்தை அளந்தால் எத்தனை கன மீட்டர் மண் போயிருக்கிறது என்பது வாய்ப்பேச்சாக இல்லாமல் கணக்காகத் தெரியும்.

இரண்டு: கெமிஸ்ட்ரி லேப். முதல் வருஷத்தில் எல்லோரும் குளோரைடு டைட்ரேஷன் செய்தவர்கள்தான். பொட்டாசியம் குரோமேட் இரண்டு சொட்டு, பியூரெட்டில் சில்வர் நைட்ரேட், செங்கல் நிறம் வந்தவுடன் நிறுத்து! ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியதோடு மறந்துவிட்டோம். நம்மில் பாதிப்பேர் கடலோரக் கிராமத்திலிருந்து வருகிறவர்கள். ஒவ்வொருவரும் வீட்டுக் கிணற்றிலோ போரிலோ ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவருவோம். மழை முடிந்த தை மாதம் ஒரு தடவை, கோடையின் உச்சமான வைகாசியில் ஒரு தடவை. ஊர், ஆழம், தேதி, குளோரைடு – நான்கே நான்கு கட்டம் போட்ட ஒரு நோட்டு. ஐந்து வருஷம் எழுதினால் உப்பு எந்த ஊரில் ஏறுகிறது, எந்த ஊரில் நிற்கிறது என்று நாமே சொல்லலாம்.

மூன்று: நாற்று. மரம் நடுவிழாவில் போட்டோ எடுத்துவிட்டுப் போவதற்குப் பதில், நாவல், மகிழம், பாலை விதைகளைச் சேகரித்துக் கல்லூரி வளாகத்திலேயே நாற்று விடுவோம். மெக்கானிக்கல், எலக்ட்ரிகல் நண்பர்களும் வரலாம், தடை இல்லை!

தோழர்களே! உப்பளத்துத் தொழிலாளிக்குக் கடல்தண்ணீரை எந்தப் பாத்தியில் நிறுத்துவது என்று தெரியும். ஒரு அங்குல வரப்பு உடைந்தாலும் ஓடிப்போய் மண்ணை அணைப்பார். நமக்கும் ஒரு வரப்பு இருக்கிறது. அது மேட்டில் இறங்கி, மணலுக்குள் ஊர்ந்து, கடலை எதிர்த்து நிற்கிற நல்ல தண்ணீர். அந்த வரப்பை உடையாமல் காக்க, வருகிற தை மாதம் லீவு முடிந்து வரும்போது பையில் துணிமணியோடு ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்து வாருங்கள். நோட்டுப் புத்தகம் பேரவை அறையில் தயாராக இருக்கட்டும்!